‘எடுத்துடுங்க’

ஒரு மனிதர் சொன்ன சொல்லைத் தெரிந்துகொண்டே பிழையாக மொழிபெயர்த்தேன். அதனால் அவருடைய வேலை போயிற்று. இது 2017 கோடையில், நோர்வேக்குப் போன ஓர் உல்லாசக் கப்பலில் நடந்தது. அப்போது எனக்கு அறுபத்தொன்பது வயது. பாரிசில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக மொழிபெயர்ப்பாளராக வேலை செய்திருந்தேன். ஆகவே நாக்கு வழுக்கிவிட்டது என்று சொல்லித் தப்ப எனக்கு இடமில்லை.

என் வேலை பெரும்பாலும் அகதி விண்ணப்ப விசாரணைகளில்தான். 2009க்குப் பின் வந்த சில வருடங்களில் காலையில் போனால் மாலைவரை ஓய்வு கிடைக்காது. அந்த வேலையில் ஒரு விதி இருக்கிறது. மொழிபெயர்க்கிறவர் ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக் கூடாது. எதிரில் இருப்பவர் ‘நான்’ என்றால் நாமும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ஒருமுறை ஒருவர் தன் வாக்குமூலத்தில் ‘மச்சான்’ என்று சொன்னார். அது மனைவியின் தம்பியா, மாமன் மகனா, வெறும் நண்பனா என்று தெரியாமல் மொழிபெயர்க்க முடியாது என்று சொல்லி விசாரணையை நிறுத்தினேன். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் கேட்டுத் தெளிந்த பிறகே தொடர்ந்தேன். அப்படிப்பட்டவன் என்று எனக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்குப் பெருமையும் இருந்தது.

கப்பல் பயணம் பிள்ளைகள் தந்த பரிசு. என் மகளைக் கட்டியவர் மன்னார் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய தகப்பன், அதாவது என் சம்பந்தி, பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு கடையின் மீன் பகுதியில் நிற்பவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். என் மனைவி இறந்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. அவருடைய மனைவிக்கு சேன் நதிப் படகில் ஏறினாலே தலை சுற்றும். எனவே பாரிசுக்கு வெளியே ஓல்னேயில் இருக்கும் பிள்ளைகள் கூடிப் பேசி, எங்கள் இருவரையும் பல்கனி வைத்த ஓர் அறையில் பத்து நாட்களுக்குப் பதிவு செய்துவிட்டார்கள். கலியாண வீட்டில் எதிரெதிரே இருத்திவைக்கிற இரண்டு பேர், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில்.

லு ஆவ்ர் துறைமுகத்தில் ஏறியதும் சம்பந்தி தன் பையைத் திறந்து காட்டினார். இரண்டு தண்ணீர்ப் போத்தல்கள். ஒவ்வொன்றைச் சுற்றியும் தங்கூசி என்னும் நைலோன் நூல், அதன் முனையில் ஈயக்குண்டும் வெள்ளை இறகு கட்டிய தூண்டில்களும்.

“அண்ணை, மலையைப் பாக்க நாலு நிமிசம் காணும். மிச்ச நேரம் என்ன செய்யிறது?” என்றார்.

எங்கள் அறையைத் துப்புரவு செய்தவர் தூத்துக்குடிக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். நாங்கள் இருவரும் கதைப்பதை முதல் நாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, “சார் ரெண்டு பேரும் கேரளாவா?” என்றார்.

“யாழ்ப்பாணம்,” என்றேன்.

“அதானே பார்த்தேன். மலையாளம் மாதிரியும் இருக்கு, புரியவும் செய்யுது.”

அவர் போன பிறகு சம்பந்தி, “இந்தியாக்காரர் எங்களைக் கண்டால் இதைவிட வேறை ஒண்டும் கேக்கமாட்டினம்,” என்றார். ஆனால் மறுநாள் காலை அவருக்கும் சம்பந்திக்கும் மீன்களைப் பற்றி நீண்ட பேச்சு. ஒரே மீனுக்கு இரண்டு கடற்கரையிலும் இரண்டு பெயர். யார் சொல்வது சரி என்று இருவரும் சிரித்துக்கொண்டே வாதாடினார்கள். என் தொழிலைப் பற்றிச் சம்பந்தி அவரிடம் சொல்லி வைத்ததும் அப்போதுதான். அவரிடம் மட்டுமல்ல, வரவேற்பு மேசையிலும் சொல்லியிருந்தார். “எங்கட அண்ணை கோட்டிலை சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர்” என்று சொல்வதில் அவருக்கு ஒரு திருப்தி.

முதல் துறைமுகத்தில் எல்லோரும் அருவி பார்க்கப் பேருந்தில் ஏறினார்கள். நாங்கள் கப்பல் மேடையிலிருந்து கொஞ்சம் தள்ளி, மரத்தால் கட்டிய ஒரு சிறிய இறங்குதுறைக்குப் போனோம். அங்கே ஒரு நோர்வேக் கிழவர் வாளியோடு இருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். அதற்குமேல் பேச்சில்லை.

நான் அதற்கு முன் மீன் பிடித்ததில்லை. எங்கள் வீட்டில் மீன் வாசலுக்கு வரும், பேரம் பேசுவோம், அவ்வளவுதான். சம்பந்தி என் சுட்டுவிரலின் மேல் நூலைப் போட்டு, “இழுத்தால் தெரியும். தெரியாட்டிக் குண்டு தரையிலை கிடக்கு எண்டு அர்த்தம்,” என்றார். கால்மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு விரலில் ஒரு துடிப்பு வந்தது. நூலை ஏற்றினேன். மூன்று தூண்டிலில் மூன்று மீன். பச்சை முதுகில் கறுப்பு வரி. லா சப்பலில் மக்றோ என்று பெயர் சொல்லி நான் எத்தனையோ முறை வாங்கிய மீன்தான். ஆனால் அது விறைத்து, கண் வெளுத்துப் பனிக்கட்டியில் கிடக்கும். இது கையை விட்டுப் பாய்ந்து பலகையில் அடித்தது.

அன்று பதினான்கு பிடித்தோம். கப்பலுக்குள் மீன் கொண்டுபோகக் கூடாது என்று ஏறும்போது கையெழுத்திட்ட தாளில் இருந்தது. எல்லாவற்றையும் கிழவரின் வாளியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு ஏறினோம்.

இரண்டாவது துறைமுகத்தில் எனக்கு அப்படிக் கொடுத்துவிட்டுப் போக மனம் வரவில்லை. அறுபத்தொன்பது வயதில் முதன்முதலாக நானே பிடித்த மீன். லா சப்பலுக்குக் கொண்டுபோய் நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

“காய வைப்பம்,” என்றேன்.

“என்னத்தை?”

“மீனைத்தான். எங்கட பல்கனியிலை. இஞ்சை பொழுதும் லேசிலை படாது. இருபது மணித்தியாலம் வெளிச்சம்.”

சம்பந்தி சிரித்தார். “அண்ணை, வெளிச்சம் வேறை, வெயில் வேறை. இது எண்ணெய் மீன். காயாது, ஊசிப்போகும்.”

“உப்புப் போட்டால்?”

“உப்புக்கு எங்கை போறது? கடலைக் காய்ச்சிறதோ?”

“சாப்பாட்டு மேசையிலை கடதாசிப் பொட்டலத்திலை வைச்சிருக்கிறாங்கள்.”

அவர், “படிச்ச மனிசர் சொன்னால் சரியாத்தான் இருக்கும்,” என்றார். அது கேலி என்று தெரிந்தும் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

ஒன்பது மீன்களை இறங்குதுறையிலேயே அவர் வெட்டிக் குடல் எடுத்துக் கழுவித் தந்தார். அவற்றை ஒரு கம்பளிச் சட்டைக் கடையின் பையில், வாங்கிய சட்டைக்கு அடியில் வைத்து, பரிசோதனையைத் தாண்டிக் கொண்டுபோனது நான். பொட்டலம் பொட்டலமாக உப்பைப் பிரித்துத் தேய்த்ததும் நான். பல்கனியில் இரண்டு நாற்காலிகளுக்கு இடையில் தங்கூசியைக் கட்டித் தொங்கவிட்டதும் நான்தான். சம்பந்தி கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை துப்புரவு செய்ய வந்த தூத்துக்குடிக்காரர் பல்கனிக் கதவைத் திறந்து அப்படியே நின்றார்.

“சார், கருவாடா?”

“ஓம். சும்மா, ஒரு ஆசைக்கு.”

“இதை எடுத்துடுங்க சார். சூப்பர்வைசர் பார்த்தா எனக்கு வம்பு.”

“ஓமோம், எடுக்கிறன்.”

எடுக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் வந்தார். “இன்னும் எடுக்கலையா? எடுத்துடுங்க சார், ப்ளீஸ்.” இரண்டு நாளில் காய்ந்துவிடும் என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, மீனிலிருந்து சொட்டிய நீரைத் தானே குனிந்து துடைத்துவிட்டுப் போனார். மேலிடத்தில் சொல்லவில்லை. அவர் பக்கத்தில் தவறென்று ஒன்று இருந்தால் அது அதுதான். எங்கள் வயதுக்கும் மொழிக்கும் காட்டிய தயவு.

மூன்றாம் நாள் காலை ஒரு கடற்பறவை வந்து ஒரு மீனைப் பிடுங்கியது. அது நூலோடு கட்டியிருந்ததால் இழுபட்டு, அறுந்து, பக்கத்துப் பல்கனியில் காலைச் சாப்பாட்டுக்கு இருந்த ஒரு தம்பதியின் மேசையில் விழுந்தது. அரை மணி நேரத்தில் எங்களைக் கூப்பிட்டார்கள்.

அறைகளுக்குப் பொறுப்பான அதிகாரி ஒரு பிரெஞ்சுப் பெண்மணி. கோபப்படவில்லை. அவருடைய மேசைக்கு ஒரு பக்கத்தில் தூத்துக்குடிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எங்களுக்கு நாற்காலி தந்தார்கள். அவருக்குத் தரவில்லை.

அதிகாரி சொன்னது இதுதான். ஊழியர் எச்சரித்தும் பயணிகள் கேளாமல் செய்திருந்தால், விதிப்படி பயணிகளை அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிட வேண்டும். ஊழியரே அனுமதித்திருந்தால் அது ஊழியரின் பொறுப்பு. இவரிடம் கேட்டால் ஆங்கிலத்தில் ‘டேக், டேக் என்று சொன்னேன்’ என்கிறார். எதை, எங்கே எடுக்கச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. நீங்கள் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் என்று கேள்விப்பட்டேன். உங்கள் மொழியில் அவர் உங்களிடம் என்ன சொன்னார் என்று அவரையே சொல்லச் சொல்லி, அதை எனக்கு அப்படியே சொல்லுங்கள்.

குற்றம் செய்தவனையே மொழிபெயர்க்கச் சொல்கிறார் என்பது அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் மறுத்திருக்கலாம்.

தூத்துக்குடிக்காரர் நான் கேட்கும் முன்பே தொடங்கினார். “சார், நீங்களே சொல்லிடுங்க. அன்னைக்கே எடுத்துடுங்கன்னு சொன்னேன். மறுநாளும் எடுத்துடுங்கன்னு சொன்னேன். இவங்களுக்கு நான் பேசுறது புரிய மாட்டேங்குது.”

எங்கள் மொழியில் ‘எடு’ என்றால் அகற்று என்றும் ஆகும், உனக்கென்று எடுத்துக்கொள் என்றும் ஆகும். பிரெஞ்சில் அதற்கு இரண்டு தனித்தனிச் சொற்கள். அகற்றுவதற்கு ‘ஓன்லவே’. எடுத்துக்கொள்வதற்கு ‘ப்ரோந்ர்’. இதைச் சொன்னால், மீனை வைத்துக்கொள்ள அவரே அனுமதித்தார் என்று ஆகும். இரண்டும் என் வாயில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. அவர் சொன்னது எது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நான் நினைத்தது என் மகளை. ஏதோ ஒரு துறைமுகத்தில் பெட்டியோடு நின்று, கருவாடு காயப்போட்டதற்காக எங்களை இறக்கிவிட்டார்கள் என்று தொலைபேசியில் சொல்வதை நினைத்தேன். அதையும் சம்பந்திக்கு முன்னால்.

“நான் அவரிடம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். மறுநாளும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றே சொன்னேன்,” என்று பிரெஞ்சில் சொன்னேன். விதிப்படி, ‘நான்’ என்றே.

“நிச்சயமாகத்தானே?” என்று அதிகாரி கேட்டார்.

“நிச்சயமாக.”

அவர் எழுதினார். நான் கீழே கையெழுத்திட்டேன். மீனை அழித்துவிடுவதாகவும் இனி இப்படிச் செய்ய வேண்டாம் என்றும் எங்களிடம் சொன்னார். எழுந்தபோது தூத்துக்குடிக்காரர் கைகூப்பி, “ரொம்ப நன்றி சார்,” என்றார்.

மறுநாள் எங்கள் அறைக்கு வேறொருவர் வந்தார். பழையவர் கீழ்த்தளத்தில் சலவைக்குப் போய்விட்டார், லு ஆவ்ருக்குத் திரும்பியதும் வேலையிலிருந்து நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார்.

சம்பந்தி கடையில் நின்று பழகிய பிரெஞ்சு பேசுகிறவர். இந்த இரண்டு சொற்களுக்கும் வித்தியாசம் தெரியாதவர் அல்ல. நாளெல்லாம் மீனில் செதில் அகற்றுவதும் வாடிக்கையாளர் மீனை எடுத்துக்கொள்வதும்தான் அவர் வேலை. இரண்டு நாட்கள் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கடைசித் துறைமுகத்தில் நூலை எடுத்துக்கொண்டு இறங்கினார். நானும் பின்னால் போனேன். எனக்கு நூல் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

நீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “அண்ணை, அண்டைக்கு நீங்கள் சொன்னது மாறி வந்ததோ, வேணுமெண்டு சொன்னதோ?”

“வேணுமெண்டுதான்.”

அவர் நூலை ஏற்றினார். இரண்டு மீன். தூண்டிலைக் கழற்றி இரண்டையும் கடலில் விட்டார்.

“அந்த அறையிலை நாங்கள் மூண்டு தமிழர் இருந்தம். மூண்டு பேருக்கும் சேத்து ஒரு வாய்தான் இருந்தது,” என்றார். சற்றுப் பொறுத்து, “நானும் வாயைத் திறக்கேல்லைத்தான். அதையும் சொல்லத்தானே வேணும்,” என்றார்.

அதன் பிறகு நூலைப் போத்தலில் சுற்றினார். அதில் சிக்கு விழுந்திருந்தது. இருவரும் கீழே அமர்ந்து அதைப் பிரித்தோம். கப்பல் கூப்பிடும்வரை அந்த வேலை இருந்தது.

நான் இருக்கும் பொபினிக்குத் திரும்பிய வாரமே கப்பல் நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதினேன். நல்ல பிரெஞ்சில், முறையான வணக்கங்களோடு, ஒரு சொல்லை நான் ‘பிழையாக விளங்கிக்கொண்டேன்’ என்றும் அந்த ஊழியர் குற்றமற்றவர் என்றும் எழுதினேன். பொய் என்று எழுதவில்லை. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் என் பெயர் அப்போதும் இருந்தது. ஆறு வாரத்தில் பதில் வந்தது. என் அக்கறைக்கு நன்றி, ஊழியர் விவரங்களைப் பிறருடன் பேச முடியாது.

எழுதிவிட்டேன் என்று நிம்மதியாக இருக்கப் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை மீன் வாங்கப் போனபோது சம்பந்தி ஒரு கடதாசித் துண்டைத் தந்தார். அதில் ஓர் இந்தியத் தொலைபேசி எண். கடைசித் துறைமுகத்தில், நான் மேலே போன பிறகு, ஊழியர்கள் இறங்கும் படியடியில் நின்று தூத்துக்குடிக்காரரிடம் வாங்கியிருக்கிறார்.

“நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ அவருக்கு?” என்றேன்.

“நான் சொன்னால் அது கோள். நீங்கள்தான் சொல்ல வேணும்.”

மூன்று வாரம் அந்தத் துண்டைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் மதியம் அழைத்தேன். என் குரலை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

“சார்! நல்லா இருக்கீங்களா? அன்னைக்கு நீங்க எடுத்துச் சொல்லலைன்னா அந்தத் துறைமுகத்துலயே என்னை இறக்கி விட்டிருப்பாங்க. வீட்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன், ஒரு யாழ்ப்பாணத்து சார் எனக்காகப் பேசினாருன்னு.”

பள்ளிக்கூட வான் ஓட்டுவதாகச் சொன்னார். ஆட்களை அனுப்பும் முகவர் இவர் பெயரை ஒதுக்கி வைத்துவிட்டாராம். காரணம் கேட்டால் ‘கப்பலில் இருந்து ரிப்போர்ட்’ என்கிறாராம்.

நான் சொன்னேன். அவர் சொன்ன சொல், நான் சொன்ன சொல், ஏன் அப்படிச் சொன்னேன் என்பது, எல்லாவற்றையும். அவருக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு யாரையோ “கொஞ்சம் வெளியே போ” என்றார்.

“அப்ப அந்தம்மா எழுதினது அதுதானா,” என்றார்.

“அதுதான்.”

“நான் கும்பிட்டேனே.”

நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியதைச் சொன்னேன். என்ன எழுதினீர்கள் என்று கேட்டார். ‘பிழையாக விளங்கிக்கொண்டேன்’ என்பதைச் சொன்னதும் அவர் குரல் மாறியது.

“அப்படி எழுதினா அதுவும் என் தலையிலதான் விழும். இவன் பேசுறது யாருக்கும் புரியாது, இங்கிலீஷ் சரியில்லைன்னு போட்டுருவான். பொய் சொன்னேன்னு எழுதுங்க. பொய்ங்கிற சொல்லு அதுல இருக்கணும். எழுதுவீங்களா?”

“எழுதுறன்.”

அந்த அழைப்பின் பாதியிலிருந்து அவர் என்னைச் ‘சார்’ என்று கூப்பிடவில்லை.

ஆங்கிலத்தில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று என இரண்டு தாள்கள் எழுதினேன். நான் யார், என் தொழில் என்ன, அவர் இரண்டு முறை அகற்றச் சொன்னார், நான் தெரிந்தே வேறுவிதமாக மொழிபெயர்த்துப் பொய் சொன்னேன். பொபினி நகரசபையில் கையெழுத்தை உறுதிப்படுத்தி முத்திரை வாங்கினேன். ஒரு படி அவருக்கு, ஒன்று முகவருக்கு, ஒன்று கப்பல் நிறுவனத்துக்கு. நாலாவது படியை, என் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கும்படி கேட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பினேன். நீக்கினார்கள். அதன் பிறகு நான் அந்த வேலை செய்யவில்லை. லா சப்பலில் கேட்பவர்களிடம் ஓய்வு என்று சொல்லாமல் காரணத்தைச் சொன்னேன். சிலர் நம்பவில்லை. ஒருவர், “கருவாட்டுக்கோ?” என்று சிரித்தார்.

மகளுக்கும் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பிரெஞ்சில் சொன்னாள்: “அப்பா, இறக்கிவிட்டிருந்தால் விமானம் பிடித்து வந்திருப்பீர்கள். நாங்கள் ஒரு வாரம் சிரித்திருப்போம். அவ்வளவுதானே.” நான் அந்த அறையில் பயந்தது இவ்வளவுக்குத்தான்.

நிறுவனம் பதில் எழுதவில்லை. முகவர் தாளை வாங்கி வைத்துக்கொண்டு அலைக்கழித்தார். நான் அவரை ஆங்கிலத்தில் பலமுறை அழைத்தேன். என் குரல் கேட்டாலே அவர் தொடர்பைத் துண்டிக்கும் அளவுக்கு அழைத்தேன். அடுத்த வருடம் மழைக்காலம் முடிந்த பிறகு வேறொரு நிறுவனத்தின் கப்பலில் தூத்துக்குடிக்காரருக்கு இடம் கிடைத்தது. சலவைப் பகுதியில். பயணிகளைப் பார்க்கத் தேவையில்லாத வேலை. முன்பு செய்ததைவிடக் கீழான வேலை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

ஏறுவதற்கு முதல் நாள் அவரே அழைத்தார். அந்த ஒரு முறைதான் அவராக அழைத்தது.

“நீங்க எழுதிக் கொடுத்தது உதவிச்சு. அதைச் சொல்லணும்ல, சொல்லிட்டேன். இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க. கோபம்லாம் இல்லை. உங்க குரலைக் கேட்டா அந்த ரூம்ல கை கட்டிட்டு நின்னதுதான் ஞாபகம் வருது.”

“சரி,” என்றேன். அவர் வைத்துவிட்டார்.

அதன் பிறகு நான் அழைக்கவில்லை. சம்பந்திக்கு மட்டும் அவர் இடைக்கிடை படம் அனுப்புகிறார். ஏதாவது துறைமுகச் சந்தையில் கண்ட மீனின் படம். இதற்கு உங்க ஊர்ல என்ன பேரு என்று கேட்டு. சம்பந்தி மீன் வெட்டும் கையைத் துடைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே பதில் அனுப்புவதை நான் மேசைக்கு இந்தப் பக்கம் வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன். போனை என் பக்கம் திருப்ப மாட்டார். நானும் எட்டிப் பார்ப்பதில்லை. என் முறை வந்ததும், “என்ன வேணும் அண்ணை?” என்று கேட்பார். நான் அன்றைக்கு வேண்டிய மீனைச் சொல்வேன்.